நாணல் எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பட்டிமன்றத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சிறு வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. கோத்தகிரியில் இருக்கும் அத்தைக்கும் போய்ச் சேர்ந்து, அவர் அதை எனக்கே அனுப்பி ‘இது நீதானே?’ என்று கேட்டுவிட்டார். நான்தான் அத்தை. சிரிப்பொலிக்கு நடுவே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறவள் நான்தான்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும்: ‘மாணவர் மனத்தைப் பெரிதும் பண்படுத்துவது பாடநூலா, பாட்டா?’ நான் பாடநூல் அணி. எதிரணித் தலைவரான அண்ணன் எங்கள் கல்லூரியின் பழைய ஆண்டு மலரை மேடைக்கே கொண்டுவந்து, முதலாம் ஆண்டில் நான் எழுதிய கட்டுரையிலிருந்து சில வரிகளை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். ‘பாடத்திட்டத்துச் செய்யுளைவிட மினி பஸ்ஸில் ஒலிக்கும் பாட்டு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது’ என்பது அதில் ஒன்று. அரங்கம் சிரித்தது. சரி, பட்டிமன்றம் என்றால் அப்படித்தான். ஆனால் நடுவர் ஐயா, ‘காற்றடிக்கும் பக்கம் சாய்கிற நாணல் அம்மா நீ’ என்று சொல்லி மணியையும் அடித்துவிட்டார். எனக்கு இன்னும் நேரம் இருந்தது.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். படிக்கிறவளின் மனம் மாறக்கூடாது என்றால் பாடம் எதற்கு? மூன்றாண்டுகள் வகுப்பில் உட்கார வைத்து, புத்தகம் வாங்க வைத்து, கட்டணம் கட்ட வைத்து, கடைசியில் உள்ளே போன அதே கருத்தோடு வெளியே வந்தால்தான் ‘கொள்கைப் பிடிப்பு’ என்று பாராட்டுவீர்கள் என்றால், வீட்டிலேயே இருந்திருப்பேனே. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்க ஒரு துணையாவது கிடைத்திருக்கும்.

என்னை எந்தக் காற்றும் சாய்க்கவில்லை. சாய்த்தது ஒரு பாடச் செய்யுள். புறநானூற்றின் 46ஆம் பாட்டு. இரண்டாம் ஆண்டில் அது பாடமாக வந்தது. வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். சோழ அரசன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகிறான். புலவர் கோவூர் கிழார் குறுக்கே வந்து பேசுகிறார். அவர் திட்டவில்லை, அழவில்லை. முதலில், ‘நீ புறாவின் துயர் தீர்த்தவனின் வழிவந்தவன்’ என்று அரசனை அவனுடைய குலப்பெருமையில் நிறுத்துகிறார். பிறகு, ‘இவர்களோ புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்து உண்டவர்களின் குலம்’ என்கிறார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்கிறார். அவர்கள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்டார்கள். முன்பின் பார்த்திராத மன்றத்தைக் கண்டு மருண்டு நிற்கிறார்கள். யானை எதற்காக வந்திருக்கிறது என்றே அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே’ என்று முடிக்கிறார். கேட்டுவிட்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய்துகொள்.

எங்கள் பேராசிரியை அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார், விளக்கம் சொல்லவில்லை. உதகையிலிருந்து கோத்தகிரிக்குத் திரும்பும் பஸ்ஸில் கட்டபெட்டு வரும்வரை எனக்கு அதே நினைவுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு முடிவை அரசனிடமே விட்டுவிட்டுப் போக எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பிள்ளைகள் பிழைத்தார்கள். பாட்டின் அடியில் இருக்கும் குறிப்பே ‘பாடி உய்யக் கொண்டது’ என்றுதான் சொல்கிறது. கிள்ளிவளவன் மனம் மாறினான். அவனை யாரும் நாணல் என்று சொல்லவில்லை.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் அப்படித்தான். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் ‘யானே கள்வன்’ என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டு, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிரையே விட்டான். எங்கள் நடுவருக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. எனக்கு மிச்சமிருந்த நேரத்தைக் கொடுத்திருந்தால் போதும்.

கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பாட்டை நான் கைவிடவில்லை என்று சொல்லியிருப்பேன். எதிரணி வாசித்த என் கட்டுரையில் பாதி இன்றும் எனக்குச் சம்மதம். அதில் என் அப்பாயியை, அதாவது அப்பாவின் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன், அந்தப் பகுதியை அண்ணன் வாசிக்கவில்லை. அப்பாயி இந்திய, இலங்கை அரசுகளின் 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இந்த மலைக்கு வந்தவர். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் இலங்கை வானொலியில் கேட்ட பாட்டையெல்லாம் வரி பிசகாமல் பாடுவார். இலங்கைப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ என்றால் உட்கார்ந்த இடத்திலேயே தோள் ஆடும். பாதி சிங்களம், பாதி தமிழ், மீன் கொண்டுவருவதைப் பற்றிய ஒரு கலகலப்பான பொப் பாட்டு. ‘இதில் என்ன இருக்கிறது அப்பாயி?’ என்று ஒரு முறை கேட்டேன். ‘அங்கே பக்கத்து லயத்தில் இருந்த சிங்களப் பெண்ணோடு சேர்ந்து பாடுவோம்’ என்றார். (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இங்கே லைன் வீடு.) அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மனோகரன் 2018இல் சென்னையில் காலமான செய்தியை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அன்று முழுவதும் வானொலியைப் போட வேண்டாம் என்றுவிட்டார்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் பாட்டைக் கேவலமாகப் பேசுவேனா? நான் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வந்தது வேறு. பாட்டும் நம்மை வழிக்குக் கொண்டுவருகிறது, கோவூர் கிழாரும் வழிக்குக் கொண்டுவருகிறார். ஆனால் வழி வேறு. தோழியின் ஹட்டியில் (படுகர் ஊரில்) கல்யாணம் என்றால் படுகப் பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக ஆடுவார்கள். எனக்குப் பாதிச் சொற்கள் புரியாது, கால் மட்டும் தானாக நகரும். விடுதியில் கொரியாவின் பி.டி.எஸ். குழுவின் பாட்டை ஒரு சொல்கூடப் புரியாமல் கூட்டமாகக் கத்தியிருக்கிறோம். பல்லவி மூன்றாம் முறை வரும்போது நான் எதற்கும் சம்மதித்துவிடுவேன். காதலே வாழ்க்கை என்றாலும் சரி, காதலே வேண்டாம் என்றாலும் சரி. கோவூர் கிழாருக்குப் பல்லவி கிடையாது. ஒரே முறை சொல்கிறார், சிந்திக்க இடம் விடுகிறார். எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் எது என்னைக் கேட்டுவிட்டு மாற்றுகிறது, எது கேட்காமலே மாற்றுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பாடநூல்தான் உதவியது. இதைத்தான் சொல்ல வந்தேன். மணி அடித்துவிட்டார்கள்.

(நானும் இந்தப் பதிவில் ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும். இன்னொரு முறையும் சொல்கிறேன்: மனம் மாறக்கூடாது என்றால் பாடம் எதற்கு?)

இனி வரப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும். ‘மதிப்பெண்ணுக்காகக் கட்சி மாறிவிட்டாள்’ என்பீர்கள். அந்தத் தாளில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்திருந்தால் இந்தச் சந்தேகம் யாருக்கும் வராது. ‘அன்று பாடம் படித்தவர்களையெல்லாம் கிளிப்பிள்ளைகள் என்று எழுதினாயே’ என்பீர்கள். எழுதினேன். அது கட்டுரையின் சூடு. அடுத்தது.

‘மேடையேறினால் கிண்டலைத் தாங்க வேண்டும்’ என்கிறார்கள். இதற்குத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. எதிரணி அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு உதகையில் கூட்டுக் குடும்பமே சிறந்தது என்று பேசிக் கண்ணீர் வரவழைத்தார். அடுத்த மாதமே வேறு ஊரில் தனிக் குடும்பமே சிறந்தது என்று பேசிக் கைதட்டு வாங்கினார். சீட்டுக் குலுக்கி எந்த அணி வந்தாலும் பேசுவார். அவருக்குப் பெயர் ‘நாவன்மை’. அவர் எதையும் நம்பாமல் இரண்டு பக்கமும் பேசினால் அது திறமை. நான் நம்பி ஒரு பக்கம் பேசி, படித்த பிறகு நம்பி இன்னொரு பக்கம் பேசினால் நாணல். இது என்ன கணக்கு என்று யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒருவர் பின்னாலிருந்து சொன்னது வீடியோவில் இல்லை. ‘லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலு எழுத்து வந்துவிட்டால் இப்படித்தான், நிலையாக நிற்கத் தெரியாது’ என்றார். கூட வந்த அம்மாவின் காதிலும் விழுந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். நிலையாக நிற்பதைப் பற்றி எங்கள் குடும்பத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி ஒரு கையெழுத்தில் இந்தக் கரைக்கு அனுப்பிவைத்தவர்கள் நாங்கள். எங்கே நிற்க வேண்டும் என்று அப்பாயியிடம் யாரும் கேட்கவில்லை. என் கருத்தையாவது நானே மாற்றிக்கொள்கிறேன், விடுங்கள்.

நேற்று ஏற்பாட்டாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த மாதம் உதகையில் இன்னொரு பட்டிமன்றமாம், நான் வர வேண்டுமாம், வீடியோவால் எனக்கு ‘நல்ல பெயர்’ கிடைத்திருக்கிறதாம். எந்த அணி என்று கேட்டேன். ‘உனக்குத்தான் எந்த அணி என்றாலும் சரிதானே அம்மா’ என்று சிரித்தார். தலைப்பையும் முதலில் பேசும் இடத்தையும் எனக்குக் கொடுத்தால் வருகிறேன் என்றேன். நடுவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை பதில் இல்லை.