லண்டன் போகாமலேயே குழந்தைகள் நல டாக்டர் ஆகலாம்

"எம்.ஆர்.சி.பி.சி.எச். (குழந்தைகள் நல ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கான சோதனை) என்றால் லண்டனில் போய்ப் படிக்க வேண்டும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு அண்ணே. இதை நம்பி ஒரு பிள்ளைகூடப் பின்வாங்கிவிடக் கூடாது.

சோதனைதான் லண்டன் ராயல் காலேஜுடையது. பயிற்சி நம் அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில், சம்பளத்தோடு. மூன்று எழுத்துத் தாள்களையும் மலேசியாவிலேயே கம்ப்யூட்டரில் எழுதலாம், பிறகு கிளினிக்கல், அதாவது பிள்ளைகளை நேரில் பரிசோதித்துக் காட்டும் சோதனை. கட்டணம் பவுண்டில் என்பதால் பாரம்தான், மறுக்கவில்லை. தேறிய உடனே ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிடவும் முடியாது. மேற்பார்வையில் வேலை செய்து, தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும்.

மலாயா, கெபாங்சான், சைன்ஸ் பல்கலைக்கழகங்களில் நான்கு வருட மாஸ்டர் படிப்பும் இருக்கிறது. அதற்குச் சுகாதார அமைச்சின் எச்.எல்.பி. உபகாரச் சம்பளத்துக்கு மனு செய்யலாம்.

என் அக்கா மகள் சுங்கை சிப்புட்டில் எங்கள் சமையலறை மேசையில்தான் எம்.ஆர்.சி.பி.சி.எச். சோதனைக்குப் படித்தாள். ஆஸ்பத்திரியில் ஆன்கால் டியூட்டி முடிந்து வந்த களைப்பிலும், தலையணையைக் குழந்தையாகக் கிடத்தி, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் பழகுவாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா எதிரே உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பார். கிளினிக்கலில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினாள்.

ஹவுஸ்மன் (பயிற்சி டாக்டர்) பிள்ளைகளே, சந்தேகம் இருந்தால் உங்கள் வார்டு ஸ்பெஷலிஸ்ட்டிடம் கேளுங்கள்.