ஓட்டுநர் உரிமத்தில் ஒரு நட்சத்திரம்

2025 ஏப்ரலில், இங்கே அமெரிக்காவில், ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனேன். பாஸ்போர்ட், சமூகப் பாதுகாப்பு எண், வீட்டு முகவரிக்கு இரண்டு சான்றுகள் என எல்லாம் கையில் இருந்தன. இரண்டாவது சான்றில் தெருப் பெயர் சுருக்கமாக இருந்ததாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் மறுபடியும் வரிசை. எல்லாம் அட்டையின் மூலையில் இருக்கும் ஒரு சின்ன நட்சத்திரத்துக்காக. மே 7 முதல் உள்நாட்டு விமானம் ஏறவே அது வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

கடுப்பில் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ரியல் ஐடி சட்டம், 2005. மாநிலங்கள் தரும் அடையாள அட்டைகளுக்கு மத்திய அரசு வைத்த தரம் அது, நட்சத்திரம் அதன் அடையாளம். வந்த வழிதான் வேடிக்கை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவுக்கும் சுனாமி நிவாரணத்துக்கும் போட்ட சுமார் 82 பில்லியன் டாலர் அவசர நிதி மசோதாவுக்குள் உட்கார்ந்து வந்திருக்கிறது. ஆமாம், நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் வாரிக்கொண்டு போன அதே சுனாமிதான்.

குடியரசுக் கட்சியின் சென்சன்பிரென்னர் கொண்டுவந்த இந்தச் சட்டம் அந்தப் பிப்ரவரியிலேயே பிரதிநிதிகள் சபையில் தனியாக நிறைவேறியிருந்தது. மேலவையான செனட்டில் தனியாகப் போனால் கேள்வி வரும். போர் நிதியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். செனட்டில் முடிவு 100–0. களத்தில் நிற்கும் சிப்பாய்க்கும் கடல் வீட்டைக் கொண்டுபோனவர்களுக்கும் பணம் கிடையாது என்று எந்த செனட்டர் சொல்லுவார்? சந்தடி சாக்கில் கந்தப்பொடி காப்பணம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

இதில் எந்தக் கட்சியும் யோக்கியம் இல்லை. 2009இல் ஜனநாயகக் கட்சியினர் வெறுப்புக் குற்றத் தடுப்புச் சட்டத்தை ஆண்டுதோறும் வரும் ராணுவப் பாதுகாப்பு மசோதாவில் சேர்த்தபோது, ராணுவத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று குடியரசுக் கட்சியினர் கொதித்தார்கள். 2024இல் ராணுவத்தினரின் குழந்தைகளுக்கான பாலின மாற்றச் சிகிச்சைக்கு ராணுவக் காப்பீடு பணம் தரத் தடையை அதே ஆண்டு மசோதாவில் அவர்களே சேர்த்தார்கள். இப்போது கொதித்தது எதிர்ப்பக்கம். மசோதாவை உருவாக்குவதில் பங்கெடுத்த ஜனநாயகக் கட்சியின் ஆடம் ஸ்மித்தே அதை எதிர்த்து வாக்களிக்க வேண்டியதாயிற்று. டிரம்ப் இன்னும் ஒரு படி மேலே. 2020இல் சமூக ஊடக நிறுவனங்களுக்கான சட்டப் பாதுகாப்பை நீக்கும் தன் விருப்பம் அந்த ஆண்டின் பாதுகாப்பு மசோதாவில் *இல்லை* என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, ஒப்புதல் தர மறுத்து வீட்டோ போட்டார். அந்தப் பதவிக்காலத்தில் நாடாளுமன்றமான காங்கிரஸ் தூக்கி எறிந்த அவருடைய ஒரே வீட்டோ அது.

என் கோபம் வேறு. ஒருவர் எதற்கு ஆம் என்றார், எதற்கு இல்லை என்றார் என்பதே தெரியாமல் போகிறது. அந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு அடையாள அட்டைச் சட்டம் பிடித்திருந்தது? அடுத்த தேர்தலில் நான் யாரைப் போய்க் கேட்பது? இங்கே பல மாநில அரசியல் சட்டங்களில் ஒரு மசோதாவுக்கு ஒரே பொருள் என்று விதி இருக்கிறது. காங்கிரசுக்கு மட்டும் கிடையாது.

சரி, நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலரிலிருந்து படிப்படியாக 7.25 ஆக உயர்ந்ததும் 2007இல் வந்த ஈராக் போர் நிதி மசோதாவின் முதுகில் ஏறித்தான். அதை மட்டும் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2009 ஜூலையில் 7.25ஐத் தொட்டது, இன்றுவரை அங்கேயே நிற்கிறது. அடுத்த போர் மசோதா வரட்டும் என்று காத்திருக்கிறதோ என்னவோ.