கழியோரம் வீடு கட்டுகிறவர்கள் காசை எங்கே போட வேண்டும்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு கழியை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழியை, பாலத்தில் தாண்டுகிற எல்லோருக்கும் அந்த ஆசை ஒரு நிமிடமாவது வந்து போகும்: இந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நமக்கு ஒரு வீடு இருந்தால்! என் தங்கையும் மாப்பிள்ளையும் ஆசையோடு நிற்காமல் கோவளம் பக்கம் கட்டியே முடித்துவிட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தபந்தம் மாடுலர் கிச்சனைத் திறந்து திறந்து மூடியது, பால்கனியில் நின்று செல்ஃபி எடுத்தது. உருப்படியாகச் செலவான பணம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. அது கான்கிரீட்டுக்குள்ளே இருக்கிறது.

என் கட்சி இதுதான். கழி கடலில் கலக்கும் முகத்துவாரத்துப் பக்கம் கட்டுகிறவர்கள் எலிவேஷனில், அதாவது வீட்டின் முகப்பு அழகில், போடும் காசில் பாதியையாவது கம்பியைக் காப்பாற்றப் போட வேண்டும். உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் கான்கிரீட்டின் நுண்துளை வழியாக உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு ஆரம்பம். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும்; இடம் இல்லாததால் சிமென்ட்டை வெளியே தள்ளும். அதே ஏரியாவில் கொஞ்சம் பழைய வீடுகளின் சன்ஷேடுக்கு அடியில் அண்ணாந்து பாருங்கள். முதலில் கம்பி போகும் தடத்தில் பழுப்பாக ஒரு கோடு, அப்புறம் விரிசல், அப்புறம் பாளம் பாளமாகப் பெயர்ந்து எலும்புக்கூடாகக் கம்பி. அதன் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது தனிக் கதை.

நாம் எல்லோரும் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஐ.எஸ். 456 (2000) என்ற கான்கிரீட் கட்டுமானத் தரவிதி கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்று வகைப்படுத்துகிறது. குறைந்தது எம்30 வலிமையுள்ள கான்கிரீட், கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும். உள்நாட்டில் சாதாரண வீட்டின் உள் ஸ்லாபுக்கு 20 மி.மீ. போதும். சைட்டில் நடப்பதோ வேறு. ஸ்லாப் போடும் நாளன்று கம்பிக்கு அடியில் அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பார்கள். ஆள் ஏறி நடந்ததும் அது நழுவும், கம்பி அடியில் அச்சாக வைத்த சென்ட்ரிங் தகட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்து குனிந்து அளந்தார். "இப்படி அளந்தா இன்னிக்குக் கான்கிரீட் போட்ட மாதிரிதான் சார்" என்று மேஸ்திரி முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதை. "ஊர்ல எல்லாரும் இந்த போர் தண்ணியிலதான் சார் கட்டுறாங்க" என்பார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கழியோரத்துப் போரில் பல இடங்களில் வாயில் வைத்தாலே கரிக்கும். லேபில் கொடுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் நல்ல தண்ணீர் லாரியை வரவழைக்க வேண்டியதுதான். கலவைக்கு நல்ல தண்ணீர், கான்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங்குக்கு உப்புத் தண்ணீர் என்று பாதி வழியில் நின்றாலும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது தளத்தின் உயரம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே வந்து, இந்த முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர வேண்டும். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தாலோ கடல் ஏற்றமாக இருந்தாலோ அந்தத் தண்ணீர் வடியத் தாமதமாகும். ஆகவே சாலை மட்டத்திலிருந்து இரண்டு அடி, மூன்று அடி என்ற கணக்கெல்லாம் இங்கே எடுபடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்தில் விசாரித்து, அதற்கும் மேலே பிளிந்த் (வீட்டின் தரைமட்டம்) போட வேண்டும். மனை விற்கிறவரிடம் இதைக் கேட்காதீர்கள், "இங்கே தண்ணியே வராது சார்" என்றுதான் சொல்வார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி கடலுக்கு மட்டும் இல்லை, ஓதம் ஏறி இறங்கும் கழிக்கும் உண்டு. கழிக்கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது என்றது 2011 அறிவிக்கை. 2019 அறிவிக்கை 100-ஐ 50 ஆக்கியது. உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கொச்சி மரடில் காயலோரம் விதியை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடி வளாகங்களை உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் இரண்டே நாளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வங்கிக் கடன் வாங்கி அங்கே குடியேறியவர்களும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான்.

இவ்வளவு பார்த்துக் கட்டிய மாப்பிள்ளை, ஹாலில் மேற்கே கழியைப் பார்த்துத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்திருக்கிறார். வியூ பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மணிக்கு மேல் அங்கே உட்கார முடியாது. திரைச்சீலையை இழுத்துவிட்டு ஏசி போட வேண்டும், அந்த ஏசியின் வெளி யூனிட்டையும் உப்புக் காற்று அடிக்கும் பக்கமே மாட்டியிருக்கிறார்கள். அதையாவது இந்தக் கோடைக்குள் இடம் மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கை என் பக்கம்.