என் அப்பா பத்தியம் மீறிச் சாகவில்லை

மேடைப் பேச்சாளர் ஒருவரின் காணொளியை அனுப்பி என் கருத்தைக் கேட்ட நண்பர்கள் அனைவருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். பரம்பரைக் கொழுப்பு என்பது மருந்துக் கம்பெனிகள் கட்டிய கதை என்றும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுப் பூண்டுப் பால் குடித்தால் போதும் என்றும் அவர் சொல்ல, அரங்கமே கைதட்டுகிறது. மேடைக்குப் பின்னால் அவருடைய செக்கு எண்ணெய்க்கு விலைப்பட்டியல் தொங்குவதையும் பார்த்தேன்.

பரம்பரைக் கொழுப்பு உண்டு. ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் கல்லீரல் செல்களில் உள்ள ஏற்பிகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மரபணுப் பிழையால் அவை குறைந்துபோனால் பிறந்த நாள் முதலே கொழுப்பு ரத்தத்தில் தேங்குகிறது. இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இக்குறை இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெந்தயம், ஓட்ஸ், பயறு ஆகியவற்றின் நார்ச்சத்து எல்டிஎல்லை ஐந்து முதல் பத்து சதவீதம் குறைக்கலாம். மாத்திரை இல்லாமல் 260 இருந்த எனக்கு அது 234 ஆகும். கைதட்டலாமா?

என் அப்பா பள்ளி ஆசிரியர். ஒல்லியான உடம்பு, சைவ உணவு, எங்கு போவதென்றாலும் சைக்கிள். இமையோரம் மஞ்சளாகப் படிந்திருந்ததை மரு என்று நினைத்தோம். குதிகால் தசைநாண் தடித்திருந்ததைச் சைக்கிள் மிதித்ததால் வந்தது என்றார்கள். இரண்டும் இந்நோயின் அடையாளங்கள் என்று சொல்ல எங்கள் ஊரில் அன்று யாருமில்லை. 43 வயதில், வகுப்பறையில் மாரடைப்பு.

‘அப்படியானால் நீங்கள் இயற்கைக்கு எதிரியா?’ என்று கேட்பீர்கள். நானும் கீரைதான் உண்கிறேன், தினமும் நடக்கிறேன், புகை பிடிப்பதில்லை; அவை இதயத்துக்கு நல்லவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை மாத்திரைக்குத் துணையே தவிர மாற்று அல்ல. இயற்கை என்றால்தான் நம்புவீர்கள் என்றால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகளில் முதலாவதை ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ கண்டெடுத்ததே அரிசியில் பூத்த பூஞ்சையிலிருந்துதான். 1978இல் ஜப்பானில் அம்மருந்து முதலில் கொடுக்கப்பட்டதும் இதே பரம்பரை நோய் கடுமையாக இருந்த ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத்தான். இயற்கை மருந்து என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் வேலை செய்வதும் லோவாஸ்டேட்டின் என்ற ஒரு ஸ்டேட்டின்தான். என்ன, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும்.

கம்பெனிகள் லாபம் பார்க்கின்றன என்பீர்கள். பார்க்கட்டும், எண்ணெய் விற்பவர் தருமத்துக்கா விற்கிறார்? தசைவலி வரும் என்பீர்கள். சிலருக்கு வரும்; மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். மாரடைப்புக்குப் பின் அப்படி மாற்றிப் பார்க்க வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

உண்மையைச் சொன்னால், என்னைச் சுடுவது அந்தப் பேச்சாளர்கூட இல்லை. தவறாக உண்டவனுக்குத்தான் மாரடைப்பு வரும் என்றால், செத்தவன் குற்றவாளியாகிறான், சமைத்தவள் உடந்தையாகிறாள். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், அம்மாவின் காதுபடவே, ‘எண்ணெயைக் குறைத்து ஊற்றியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான்’ என்று ஓர் உறவினர் சொன்னார். அன்று முதல் அம்மா தாளிப்பதற்குக்கூடக் கை நடுங்கித்தான் எண்ணெய் ஊற்றுகிறார். மரபணுவில் இருந்த பிழைக்கு இத்தனை வருடமாக அவர் தண்டனை அனுபவிக்கிறார். இப்போது அதே உறவினர் அதே காணொளியை, ‘அன்றைக்கே சொன்னேன்’ என்ற குறிப்போடு, அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறார்.

அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். பெரியப்பா, நீங்கள் என் அப்பாவுடன் பிறந்தவர். உங்கள் மகன்கள் இருவருக்கும் எல்டிஎல் எவ்வளவு என்று முதலில் ரத்தம் எடுத்துப் பாருங்கள். அம்மாவின் சமையலைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.