ஃபேனில காய்ச்ச கறுத்தக் கொழும்பான்

(கொழும்பு, வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கை, நாலாம் மாடி. வெள்ளிக்கிழமை பின்னேரம். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு அன்ரி கையில் துவாயோடு வந்து நிற்கிறார்.)

அன்ரி: என்ன தம்பி சத்தம்? காஸ் சிலிண்டரோ எண்டு ஓடி வந்தனான்.

தம்பி: இல்லை அன்ரி. கொக்டெயில்.

அன்ரி: (மேலே பார்த்து) ஃபேன் தட்டில மாம்பழம் காய்ச்சிருக்கு. கறுத்தக் கொழும்பானோ?

தம்பி: ஓம். யாழ்ப்பாணத்திலயிருந்து பஸ்ஸில வந்தது. ரெண்டு பழம் மேல போட்டுது, பத்து மிச்சம்.

அன்ரி: அநியாயம். முதல்ல அந்த ஃபேன் சுவிச்சில கையை வைக்காதேயும். பிறகு நடந்ததைச் சொல்லும்.

தம்பி: இந்த ஜாம் போத்தலுக்குள்ள மாம்பழம், தேசிக்காய்ப் புளி, ஐஸ், இஞ்சிப் பியர் எண்ட இஞ்சிச் சோடா எல்லாத்தையும் விட்டு, மூடியை இறுக்கிக் குலுக்கினன். வீடியோவில அப்பிடித்தான் குலுக்குறாங்கள்.

அன்ரி: இஞ்சிப் பியரையும் விட்டே குலுக்கினவங்கள்?

தம்பி: அந்த இடத்தில விளம்பரம் வந்தது. கொஞ்சம் முன்னால தள்ளினன்.

அன்ரி: தள்ளினதுதான் இப்ப விட்டத்தில நிக்குது. சோடா வகைக்குள்ள காத்தை அமத்தித்தான் கரைச்சு வைச்சிருக்கு. குலுக்கினா அது வெளிக்கிடும். மாம்பழ நார், ஐஸ் விளிம்பு எண்டு பிடிக்கக் கிடைச்ச இடமெல்லாம் குமிழ் பிடிச்சுப் பொங்கும். மூடியும் இறுக்கம் எண்டா, பலவீனமான பக்கத்தால பிச்சுக்கொண்டு போகும். நுரைக்கிற எதையும் கிளாஸில கடைசியாத்தான் ஊத்த வேணும். பிறகு கரண்டியால ஒருக்கா அடியிலயிருந்து மேல தூக்கி விட்டாக் காணும்.

தம்பி: நீங்கள் வாயிலயே வைக்கிறதில்லை, இதெல்லாம் எப்பிடித் தெரியும்?

அன்ரி: வாயில வைக்காதவைக்குத்தான் நாக்கு கடைசி மட்டும் வேலை செய்யும். நாளைக்கு விருந்துக்கு எத்தனை பேர்?

தம்பி: பன்னிரண்டு. ஏழு பேர் சாராயம் எடுப்பினம், அஞ்சு பேர் எடுக்க மாட்டினம். ஒராள் பிள்ளைத்தாச்சி, ஒராள் வான் ஓடுறவர், மற்ற மூண்டு பேர் ஒபிஸ் முஸ்லிம் நானாமார். அவைக்குப் பிரச்சினையில்லை, இதையே சாராயம் விடாமல் குடுத்து விடுவன்.

அன்ரி: இந்த இடத்திலதான் எல்லாரும் சறுக்கிறது. சாராயத்தை எடுத்தா 45 மில்லி மட்டும் குறையும் எண்டு நினைக்கிறீர். நாக்கில குத்துறது போகும், தொண்டைச் சூடு போகும், இனிப்பை வெட்டுறதும் போகும். பிறகு கிளாஸில நிக்கிறது கலியாண மண்டப வாசலில குடுக்கிற தண்ணி. நானாமார் மரியாதைக்கு அரைவாசி குடிச்சிட்டு, மிச்சத்தை உம்மட மணிபிளான்ருக்கு ஊத்துவினம்.

தம்பி: அப்ப என்ன செய்யிறது?

அன்ரி: மூண்டுக்கும் மூண்டு ஆளை வேலைக்குப் போட வேணும். கயர்ப்பா இனிப்பை வெட்டக் கடும் சாயத் தேத்தண்ணி. சூட்டுக்கு இஞ்சி. குத்துறதுக்குப் பச்சைமிளகாய் ஒரு சின்னத் துண்டு, விதை எடுத்தது. சாராயம் இல்லாததை முதல்ல சரியாக்கும் தம்பி. அது நிண்டா, சாராயம் விடுறது சின்ன வேலை.

தம்பி: பால் விட்ட தேத்தண்ணியோ?

அன்ரி: விடும், விடும். தேசிக்காய்ப் புளி பட்ட உடன திரைஞ்சு, ஆளுக்கு ஒரு கரண்டி பன்னீர்க் கட்டியும் கிடைக்கும். சாயம் எண்டால் வெறும் சாயம். 250 மில்லி கொதிதண்ணிக்கு ரெண்டு தேக்கரண்டி தேயிலை, நாலு நிமிசம், வடி. அஞ்சாறு நிமிசம் தாண்டினாக் கசப்பு ஏறிடும். ஆற விட்டுப் பிரிட்ஜில வைக்கக் கலங்கும். பழுதாப் போச்சு எண்டு ஊத்திப் போடாதேயும், கடும் சாயம் குளிர்ந்தா அப்பிடித்தான். மாம்பழத்துக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது.

தம்பி: (எழுதுகிறான்) சாயம்... நாலு நிமிசம்... இஞ்சியைச் சப்பிறதோ?

அன்ரி: இஞ்சிப் பாணி காய்ச்சும். 200 கிராம் சீனி, 200 மில்லி தண்ணி. கொதிச்சுச் சீனி கரைஞ்ச உடன அடுப்பை நிப்பாட்டி, துருவின இஞ்சி 100 கிராம் போட்டு மூடி, அரை மணித்தியாலம் விட்டு வடி. இஞ்சியைப் போட்டுக் கனநேரம் கொதிக்க விட்டீர் எண்டால் அந்தப் பச்சை வாசம் பறந்திடும், பெருங்காய்ச்சலுக்குக் காய்ச்சின கசாயம் மாதிரி உறைப்பு மட்டும் நிக்கும். கிட்டத்தட்ட 300 மில்லி வரும். நாளைக்குக் கணக்கெடுத்தா 340 வேணும், அதால ஒண்டரை மடங்காக் காய்ச்சும். மிஞ்சினா நான் கொண்டு போவன்.

தம்பி: பழம் நல்லதோ பாருங்கோ. இன்னும் பச்சையாத்தான் நிக்குது. ரெண்டு நாள் அரிசிக்குள்ள தாட்டு வைக்கவோ?

அன்ரி: இதுக்குப் பேரே கறுத்த. பழுத்தாலும் தோல் கரும்பச்சையாத்தான் நிக்கும். காம்படியை மணந்து பாரும். (ஒரு பழத்தைத் தூக்கி மூக்கடியில் பிடிக்கிறார். காம்படியில் பால் காய்ந்து ஒரு கறுப்புக் கோடாய் ஒட்டியிருக்கிறது. பெருவிரலால் மெல்ல அமத்த, தோல் பள்ளம் விழுந்து, மெதுவாகத் திரும்ப எழும்புகிறது.) இது இண்டைக்கே சரி. அமத்தின பள்ளம் எழும்பாட்டி நேத்தே சரி. வெளியில தங்கம் மாதிரி மஞ்சளா இருந்து மணமே இல்லாட்டி, அது மருந்தடிச்சது. உள்ளுக்கு வெள்ளையும் புளிப்புமாத்தான் இருக்கும்.

தம்பி: யாழ்ப்பாணத்தில விளையுறதுக்கு ஏன் அன்ரி கொழும்பான் எண்டு பேர்?

அன்ரி: கொழும்பில பிறந்து வளர்ந்த நீர் மட்டும் ஆரும் கேட்டா யாழ்ப்பாணம் எண்டு சொல்லேல்லையோ? அதைப்போலத்தான். எழுதும். ஒரு பழம் 400 கிராம் எண்டால், தோலும் கொட்டையும் போக 200 கிராம் சதை. ஒரு கிளாஸுக்கு 60 மில்லி. ஆளுக்கு ரெண்டு எண்டால் 24 கிளாஸ், ஒண்டரை லீற்றர். மிச்சப் பத்துப் பழத்தில எட்டுப் போகும், ரெண்டு தப்பும்.

தம்பி: பிளெண்டரில தண்ணி விட்டு அடிக்கிறதோ?

அன்ரி: சொட்டுத் தண்ணி விடப்படாது. தண்ணி ஐஸிலயிருந்து வரும், அது காணும். 20 செக்கன் அடிச்சு, வடியில போட்டுக் கரண்டியால தேய்க்க வேணும். கனக்க அடிச்சாக் காத்து ஏறி மேல நுரை கட்டும். அளக்கேக்க 60 எண்டு விடுவீர், உள்ளுக்கு 40தான் இருக்கும். வடிக்காமல் விட்டா நார் எல்லாம் பல்லுக்குள்ள. வந்தவை கதைக்கிறதை விட்டிட்டுப் பல்லுக் குத்திக்கொண்டு இருப்பினம்.

தம்பி: அளக்கிறதுக்கு அந்த ரெண்டு பக்கமும் கிண்ணம் உள்ள சாமான் என்னட்ட இல்லை. கண்மட்டத்தில விடுறன்.

அன்ரி: மருந்து அலுமாரியில இருமல் பாணி இருக்கோ? அதிண்ட மூடியை எடும். பாரும், 5, 10, 15 எண்டு கோடு போட்டிருக்கு. இதைவிட என்ன வேணும்? வடிவாச் சுடுதண்ணியில கழுவும், இல்லாட்டி எல்லாம் இருமல் பாணி மணக்கும்.

தம்பி: அப்ப சாராயம் ஆளுக்கு மூண்டு மூடி.

அன்ரி: மாம்பழம் நாலு மூடி, தேசிக்காய் ஒரு மூடியும் அஞ்சாம் கோடு மட்டும், இஞ்சிப் பாணி பத்தாம் கோடு மட்டும், உப்பு ரெண்டு விரலால எடுக்கிற ஒரு சிமிட்டு. குலுக்கி வடிச்சு, புது ஐஸுக்கு மேல விட்டு, கடைசியா இஞ்சிப் பியர் நாலு மூடி.

தம்பி: சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?

அன்ரி: பகிடி கிடக்கட்டும். இல்லாததுக்குச் சாராயத்துக்குப் பதிலா அதே மூண்டு மூடி சாயம், அந்தப் பச்சைமிளகாய்த் துண்டு. மேல விடுறது வெறும் சோடா, ஆனால் இஞ்சிப் பாணி 20. ஏனெண்டால் இஞ்சிப் பியருக்குள்ள ஏற்கனவே சீனி இருக்கு, சோடாவுக்குள்ள இல்லை. மிளகாயைக் குலுக்கின உடன வடிச்சு வெளியில எடுத்துப் போடும். கிளாஸுக்குள்ள மிதக்க விட்டா, கதைச்சுக் கதைச்சுக் குடிக்கிற ஆளுக்குக் கடைசி மிடறில கண்ணால தண்ணி வரும்.

தம்பி: தேசிக்காய் ஆறு வாங்கினன்.

அன்ரி: ஆறோ? ஒரு காயில 15, 20 மில்லிதான் வரும். 24 கிளாஸுக்கு முப்பது காய் வேணும். விலையைக் கேட்டு மயங்கி விழாதேயும். வெட்ட முதல் மேசையில வைச்சு உள்ளங்கையால உருட்டும். தோல் நசுங்கக் கடைசிச் சொட்டு மட்டும் பிழியாதேயும், தோல் எண்ணெய் இறங்கிக் கசக்கும். இண்டைக்கே பிழிஞ்சு வைக்கவும் வேண்டாம். நாளைக்குப் பின்னேரம் பிழிஞ்சா அண்டைக்குச் சரி, அடுத்த நாள் செத்த புளி.

தம்பி: சாராயம் மூண்டு போத்தல் எடுக்கிறன்.

அன்ரி: 750 மில்லியை 45 ஆல பிரிச்சா பதினாறு கிளாஸ். ஏழு பேருக்கு ரெண்டு ரெண்டு எண்டால் பதினாலு. ஒரு போத்தல் போதும், ரெண்டு கிளாஸ் மிச்சமும் வரும். மாம்பழத்துக்குள்ள சாராயம் ஒளிச்சிருக்கும் தம்பி. யூஸ் எண்டு நினைச்சு மூண்டு நாலு இழுத்திட்டு, எழும்பேக்கதான் கால் எங்க எண்டு தேடுவினம். அது சரி, போத்தல் எங்க?

தம்பி: நாளைக்குக் காலமை வாங்குவம்.

அன்ரி: நாளைக்குப் போயா, பூரணை நாள்.

தம்பி: (கலண்டரைப் பார்க்கிறான். மஞ்சள் வட்டம் அவனையே பார்க்கிறது.) ஐயோ! கடை பூட்டு! அன்ரி, கை முழுக்கப் பிசின். நீங்கள் ஒருக்கா இறங்கி...

அன்ரி: நான் போய்ச் சாராயக் கடை வரிசையில நிக்கிறதோ? பொம்பிளையளுக்கு விக்கப்படாது எண்டு 1979ல வர்த்தமானி வந்தது. 2018 ஜனவரியில நிதியமைச்சர் எடுத்து விட்டார், ஒரு கிழமை போக முதல் ஜனாதிபதி திருப்பிப் போட்டார். இந்த நாட்டில வடிவாக் குலுக்கின கொக்டெயில் அதுதான். நீரே கையைக் கழுவிப்போட்டுப் போம். அதுக்கு முதல் இல்லாததில ஒண்டு செய்து காட்டுறன். அந்த ஜாம் போத்தலை எறியும், கண்ணாடிக்குள்ள ஐஸைப் போட்டு அடிச்சா உடையும். வாய் அகண்ட சில்வர் தண்ணிப் போத்தல் இருக்கோ?

தம்பி: ஜிம்முக்குக் கொண்டு போறது இருக்கு. புதுசு மாதிரி.

அன்ரி: புதுசு மாதிரி இல்லை, புதுசேதான். (விலைச்சீட்டைக் கிழிக்கிறார்.) நாளைக்கு நானாமாரிண்டையை முதல்ல செய்து முடியும். போத்தலும் வடியும் வேற வேறயா இருக்க வேணும், சாராயம் பட்டதைக் கழுவிப்போட்டு எடுத்தன் எண்டு கதை சொல்லாதேயும். அவைக்கு நீளக் கிளாஸ், புதினா. மற்றவைக்குக் கட்டைக் கிளாஸ், தேசிக்காய் வட்டம். ரெண்டும் ஒரே நிறம், இருட்டுப் பட்டா உமக்கே தெரியாது.

(அளக்கிறார். சாயம் வைக்க நேரமில்லாததால் தன் வீட்டுக் கேத்தலில் மத்தியானம் மிஞ்சியதைக் கொண்டு வருகிறார். தம்பி ஐஸ் தட்டை உடைக்கிறான்.)

அன்ரி: தண்ணி ஒழுகிற ஐஸை வடிச்சுப்போட்டுப் போடும். பொடி ஐஸ் கெதியாக் கரைஞ்சு எல்லாம் தண்ணியாப் போகும். நாளைக்கு ஐஸ் பக்கற் அஞ்சு கிலோ வாங்கும், இந்தத் தட்டு ரெண்டு பேருக்கும் காணாது. இப்ப குலுக்கும். பதினஞ்சு எண்ணும்.

தம்பி: ஒண்டு, ரெண்டு... பன்னிரண்டு... கை விறைக்குது அன்ரி.

அன்ரி: விறைக்க வேணும். வெளியில பனிப்புகார் மாதிரிப் பிடிச்சாக் காணும். வடியும். சோடாவைக் கிளாஸைச் சரிச்சுப் பிடிச்சு மெல்லமா. ஒருக்காத் தூக்கி விடும்... குடியும்.

தம்பி: (குடித்து, கண்ணை மூடி) அன்ரி, இதுக்குள்ள உண்மையா ஒண்டும் இல்லையோ?

அன்ரி: மத்தியானத் தேத்தண்ணி இருக்கு. தாரும். (ஒரு மிடறு.) புளி சரி. இஞ்சி பிந்தி வருது, அதுவும் சரி. உப்பு இன்னும் ரெண்டு கல் வேணும். அப்பா, என்ன புழுக்கம் இது, கடற்கரை அடியில இருந்தும் ஒரு காத்தில்லை. (கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் கையை நீட்டிச் சுவிச்சைத் தட்டுகிறார்.)

தம்பி: அன்ரீ!

(ஃபேன் ஒரு சுற்று சுற்றுகிறது. பிறகு இரண்டு. பிறகு வேகம் பிடிக்கிறது.)

தம்பி: அன்ரி... உங்கட மூக்குக் கண்ணாடியில.

அன்ரி: தெரியுது.

தம்பி: கிளாஸுக்குள்ளயும் விழுந்திட்டுது.

அன்ரி: தெரியுது தம்பி.

தம்பி: வடிக்கவோ?