எஸ்.பி.எம். இல்லாவிட்டால் கல்லூரியே இல்லையா?

"எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) தேறாதவர்களுக்குக் கல்லூரிக் கதவு இனித் திறக்காது" என்ற செய்தி பினாங்கு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. படிக்க ஆசைப்படும் பிள்ளைகளை இது முடக்கிப்போடும், தயவுசெய்து பகிராதீர்கள்.

எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமை நடத்தும் ஏப்பல் ஏ வழியில், வேலை அனுபவத்தையே நுழைவுத் தகுதியாக எடைபோடுகிறார்கள். சான்றிதழ் படிப்புக்கு 19 வயதுக்கு மேல், டிப்ளோமாவுக்கு 20, பட்டப்படிப்புக்கு 21. ஒரு திறனறித் தேர்வு எழுத வேண்டும், அப்புறம் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். பினாங்கின் பிறை வட்டாரத் தொழிற்சாலையில் பல வருடம் இயந்திரம் பழுதுபார்த்த அண்ணன், அது தொடர்பான படிப்புக்குத் தாராளமாக முயலலாம்.

இதில் தேறி ஏப்பல் சான்றிதழ் கிடைத்தாலே இடம் உறுதி என்பதும் சரியல்ல. சேர்ப்பது கல்லூரியின் முடிவு.

இந்த வயதை எட்டாத இளையவர்கள் எஸ்.பி.எம். தேர்வையே தனியார் தேர்வராக மறுபடி எழுதலாம்.