பையை யார் பார்த்துக்கொள்வது?

எதிர்வீட்டுக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். பரீட்சை லீவில் பிள்ளைகளை முதல்முறையாக வாட்டர் பார்க் கூட்டிப்போக வேண்டுமாம். எந்தப் பார்க் நல்லது, எவ்வளவு செலவாகும், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று மூன்று கேள்வி. நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டேன். "ஏழு பேர் போறீங்களே, பையை யார் பார்த்துக்கிறது?"

அவர் சிரித்துவிட்டார். "அதான் அம்மா இருக்காங்கள்ல."

அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

எங்கள் முதல் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய மே மாதம். நாங்கள் ஐந்து பேர், நாத்தனார் குடும்பத்தில் நான்கு பேர், ஆக ஒன்பது டிக்கெட். எந்தப் பார்க் என்பது வேண்டாம், தப்பு பெரும்பாலும் எங்களுடையது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறினேன். வாசலில் வைத்துச் சொன்னார்கள், வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது. பத்தரை மணிக்கு, பசியே இல்லாத நேரத்தில், வேன் நிழலில் நின்றுகொண்டு ஒன்பது பேரும் புளியோதரையைத் தின்று தீர்த்தோம். தொட்டுக்கொள்ள வறுத்திருந்த உருளைக்கிழங்கை எடுத்து வைக்கவே மறந்து போயிருந்தேன் என்பது தனிக்கதை.

உள்ளே போனால் அடுத்த அடி. நைலான் மாதிரி செயற்கை இழை உடை இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது. மற்ற ஏழு பேரும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டார்கள். நான் பருத்திச் சுடிதாரில் இருந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், சுங்குடிச் சேலையில். வாடகைக்கு உடை கிடைக்கும் என்றார்கள். ஈரமாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு "எவ போட்டதோ" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் மனசு வரவில்லை. "சரி, நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பையைப் பாத்துக்கங்க" என்றார் என் வீட்டுக்காரர். லாக்கர் இருந்தது. ஆள் இருக்கும்போது லாக்கருக்கு எதற்குக் காசு?

பத்தரையிலிருந்து ஐந்து மணி வரை. நான்கு பை, ஒன்பது ஜோடி செருப்பு, ஐந்து செல்போன், ஒரு சிமெண்ட் பெஞ்சு. நிழல் நகர நகர நாங்களும் பைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம். அரைமணிக்கு ஒருதரம் யாராவது சொட்டச் சொட்ட ஓடிவந்து தண்ணீர் பாட்டில் கேட்பார்கள், துண்டு கேட்பார்கள், போட்டோ எடுக்கச் சொல்வார்கள். உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் டிக்கெட் என்னவோ முழு டிக்கெட்தான்.

அத்தை அலைக்குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "அந்தா பாரு, அந்தப் பய தண்ணிய அடிக்கிறான். தண்ணிய அடிச்சா மூச்சுதான் வாங்கும். தள்ளணும்" என்றார். உங்களுக்கு நீச்சல் தெரியுமா அத்தை என்று கேட்டேன். பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அன்றுதான் கேட்கிறேன். சோழவந்தான் பக்கம் பிறந்தவர். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டாராம் அவருடைய அப்பா. எட்டு வயதில் குடுக்கை இல்லாமல் நீந்தியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் மோட்டார் ரூம் மொட்டை மாடியிலிருந்து குதித்திருக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் எதிர்நீச்சல் பந்தயம் வேறு. "அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்ன, கல்யாணம்" என்றார்.

எங்கள் கூட்டத்தில் நீந்தத் தெரிந்த ஒரே ஆளைப் பைக்குக் காவல் வைத்துவிட்டு, தெரியாத ஏழு பேர் தண்ணீரில் கிடந்தார்கள்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பது என்று நினைத்தேன். பிறகு அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகளிடம் பேசினேன். அங்கே புளோரிடா மாநிலத்தில் இருக்கும் ஆர்லாண்டோ நகரம் வாட்டர் பார்க்குக்குப் பிறந்த வீடு மாதிரி. இன்று நாம் பார்க்கும் வகையில் முதல் வாட்டர் பார்க் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1977-இல் அங்கேதான் திறந்தது. டிஸ்னி ரிசார்ட்டுக்குள்ளே இரண்டு இருக்கின்றன. 1989-இல் வந்த டைபூன் லகூன், 1995-இல் வந்த பிளிஸார்ட் பீச். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஒன்றில் புயல் அடித்து ஒரு படகு மலை உச்சியில் செருகி நிற்கும். இன்னொன்றில், வெயில் ஊரான புளோரிடாவில் பனி கொட்டியதாம், பனிச்சறுக்கு விடுதி கட்டினார்களாம், பனி உருகி எல்லாம் தண்ணீர்ச் சறுக்காகிவிட்டதாம். டைபூன் லகூனின் அலைக்குளத்தில் மட்டும் சுமார் 1 கோடி லிட்டர் தண்ணீர். எல்லா அளவிலும் லைஃப் ஜாக்கெட் இலவசமாகத் தருகிறார்கள். பேத்தி பிறந்ததற்குச் சித்தி அமெரிக்கா போனபோது அங்கே கூட்டிப்போயிருக்கிறார்கள். ஏழு கடல் தாண்டிப் போய் சித்தி என்ன செய்தார்? சாய்வு நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அம்மாதான் வரலைன்னு சொல்லிருச்சுக்கா" என்கிறாள் இவள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளை சாப்பாடு வேண்டாம் என்றால் மூன்று தரம் கேட்கிறோம், நான்காம் தரம் ஊட்டியே விடுகிறோம். அம்மா தண்ணீர் வேண்டாம் என்றால் ஒரு தரத்தோடு விட்டுவிடுகிறோம். ஏனென்றால் அந்த 'வேண்டாம்' நமக்கு வசதி. லாக்கர் காசு மிச்சம்.

வெட்கமாக இருக்கும், நாலு பேர் பார்ப்பார்கள் என்பதெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன். நம் மதுரையில் இதைச் சொல்வதுதான் வேடிக்கை. சித்திரையில் அழகர் வருகிறபோது தோல்பையில் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சி அடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பாட்டியிலிருந்து பேத்தி வரை தொப்பலாக நனைந்துகொண்டுதான் நிற்கிறோம். அங்கே வராத வெட்கம் டிக்கெட் வாங்கி நனையும் இடத்தில் ஏன் வருகிறது? உடம்பு அல்ல, உடைதான் தடை. உடையை வீட்டிலேயே தயார் செய்துவிட்டால் பாதி வெட்கம் போய்விடுகிறது.

நைலான் கேட்பது அவர்கள் பிடிவாதம் என்று முதலில் நானும் திட்டினேன். காரணம் இருக்கிறது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சறுக்கில் இழுத்துப் பிடிக்கும். அதன் நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும். சேலைத் தலைப்போ துப்பட்டாவோ எதிலாவது சிக்கினால் ஆபத்து. உலோகப் பொத்தான், வெளியே தெரியும் ஜிப் எல்லாம் ஃபைபர் சறுக்கைக் கீறும், பின்னால் வருபவரின் முதுகையும் கீறும். டிஸ்னி பார்க்கிலும் உலோகம் வைத்த உடைக்குத் தடைதான்.

அத்தைக்கு உடை தைத்த கதையைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். எனக்கு பாலியஸ்டர் சட்டையும் நீச்சல் லெக்கின்ஸும் கிடைத்தன. அத்தைக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஒன்று இறுக்கம், ஒன்றில் கை குட்டை. கடைசியில், புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களில் ஒருவரிடம் போனோம். சித்திரைத் திருவிழாவுக்கு வேண்டுதல்காரர்களுக்கு வேஷ உடை தைப்பவர். முழுக்கை, முழங்காலுக்குக் கீழ் வரை இறக்கம், உள்ளே எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, ஜிப் கூடாது, ஜரிகை கூடாது, தொங்கும் நாடா கூடாது. எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "எந்தக் கோயிலுக்கும்மா வேண்டுதல்?" என்றார். அத்தை யோசிக்கவே இல்லை. "கிணத்துக்கு" என்றார்.

தைத்து வாங்கியதும் போட்டோ எடுத்து பார்க்குக்கு அனுப்பி, இது சரிதானா என்று கேட்டுக்கொண்டேன். இதை மட்டும் யாரும் மறக்காதீர்கள். ஒவ்வொரு பார்க்குக்கும் ஒரு விதி.

எங்கே போவது என்பதற்கு நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டேன். முதல் தடவைக்குப் பக்கத்தில் இருப்பதே போதும். நமக்குத் திண்டுக்கல் ரோட்டில் பரவையிலேயே 'அதிசயம்' என்ற பார்க் இருக்கிறது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், கொச்சியில் வொண்டர்லா, இப்போது சென்னை திருப்போரூர் பக்கமும் வொண்டர்லா. இவையெல்லாம் இரண்டாம் தடவைக்கு. கொச்சிக்குத் தேனி, மூணாறு வழியாக ஒரே நெடுஞ்சாலை என்பதைப் பார்த்து, காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மலைப்பாதையில் வாந்தி எடுத்த பிள்ளை சறுக்கில் ஏறாது.

ஞாயிறு வேண்டாம், மே மாதம் வேண்டாம். முடிந்தால் வாரநாள், கதவு திறக்கும் நேரம்.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். பெரிய சறுக்குகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். என் மகன் முதல் தடவை இரண்டு விரற்கடை குறைந்துபோய், அரைமணி நேரம் வரிசையில் நின்றவன் அழுதுகொண்டே படி இறங்கினான். எங்கள் பெஞ்சுக்கு வந்துதான் அழுது முடித்தான்.

கண் எரிச்சல் பற்றி ஒன்று. தண்ணீரில் குளோரினைக் கொட்டிவிட்டார்கள் என்று சொல்வோம். பெரும்பாலும் எரிச்சலுக்குக் காரணம் குளோரின் தனியாக இல்லை. அது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் என்று ஒன்று உண்டாகிறது, மூக்கில் ஏறும் அந்த வாடையும் அதனுடையதுதான். ஆகவே இறங்குமுன் ஒரு நிமிடம் ஷவரில் நில்லுங்கள், பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அடிக்கடி கூட்டிப்போங்கள். வயிற்றுப்போக்கு இருக்கிற பிள்ளை என்றால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். சில கிருமிகள் குளோரினுக்கும் சாவதில்லை, நாள்கணக்கில் தண்ணீரில் கிடக்கும்.

மற்றபடி, காற்றடைத்த கைப்பட்டையை நம்பி யாரும் திரும்பி நிற்க வேண்டாம். மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போலக் கத்துவதில்லை. சத்தமே இருக்காது. சின்னப் பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பார்ப்பவர் கையில் செல்போன் இருக்கக்கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். 'எல்லாரும் பாத்துக்கலாம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பைக்கு ஆள் வைக்கத் தெரிந்த நமக்குப் பிள்ளைக்கு முறை வைக்கத் தெரியாதா?

போன வருடம் காலாண்டு லீவில் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். இரண்டு லாக்கர் எடுத்தோம். சாவி என் வீட்டுக்காரர் மணிக்கட்டில். நகை எதுவும் போட்டுப் போகவில்லை, சாப்பாடும் கட்டவில்லை. எனக்கு இன்னும் நீச்சல் தெரியாது, டியூபில் உட்கார்ந்து சுற்றிவந்தேன், அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றரைக்கு மேற்கே இருட்டி மின்னல் வெட்டியதும் எல்லாரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். காலையிலேயே போனதால் அதற்குள் ஆசை தீர ஆடியிருந்தோம்.

அத்தை அலைக்குளத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் காலை மட்டும் நனைத்துக்கொண்டு நின்றார். அலை ஓய்ந்திருந்த நேரம். இடுப்பளவுக்குப் போனார். அப்படியே மல்லாந்தார். கை கால் அசையவில்லை, கண் மூடியிருக்கிறது, முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே. காவலுக்கு நின்ற பையன் பதறிப்போய் விசில் ஊதிக்கொண்டே இறங்கி ஓடிவந்துவிட்டான். அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஏன்ப்பா ஊதுற? மிதக்குறேன்ப்பா."

இதையெல்லாம் எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு போனார், காதில் ஏறியதாகத் தெரியவில்லை. நேற்று சாயங்காலம் அவருடைய அம்மா வந்தார். எங்கள் அத்தை ஏற்கனவே வாசலில் நின்று பேசியிருப்பார் போல. உட்காரக்கூட இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, அந்தத் தையக்காரரு சத்திரத்துல எந்தப் பக்கம்?"